மாடித்தோட்டக் குழுவில் கேட்பதும் பதில் சொல்வதும்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"என் மிளகாய்ச் செடி இலை சுருளுது, என்ன செய்யலாம்?"

எந்த மாடித்தோட்டக் குழுவாக இருந்தாலும் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கூடவே மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம் வரும். பத்து நிமிஷத்தில் பதில்கள் குவியும்: வேப்பெண்ணெய், புளித்த மோர், இஞ்சி பூண்டு கரைசல், சாம்பல், "பிடுங்கிப் போட்டுடுங்க". கேட்டவர் எதை நம்புவதென்று தெரியாமல் நாளுக்கொன்றாக எல்லாவற்றையும் அடித்துப் பார்ப்பார். செடி போய்விடும், பழி குழுவின் மேல் விழும்.

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் என்ற பொடிப் பூச்சி. கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை குறுகினால் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, செடியில் சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிர்). இலை சிறுத்து, வெளிறி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ். முதல் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவதற்கு மருந்தே கிடையாது. மேலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது. கேள்வி என்னவோ சின்னதுதான், பதில் சொல்பவருக்கு வேண்டிய விவரம்தான் அதில் இல்லை. அந்த விவரத்தைச் சேர்ப்பது எப்படி, வந்த பதிலை என்ன செய்வது, நீங்கள் பதில் சொல்லும்போது எதைக் கவனிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. கேட்பதற்கு முன் குழுவுக்குள்ளேயே தேடுங்கள்

ஐந்து நிமிஷ வேலை. குழுவின் தேடல் பெட்டியில் செடியின் பெயரையும் கோளாறையும் சேர்த்துப் போடுங்கள்: "தக்காளி அடி கருப்பு", "பூசணி பிஞ்சு உதிர்வு", "செம்பருத்தி மாவுப்பூச்சி". தமிழில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு தடவை தேடுங்கள். ஆங்கில எழுத்தில் "மாவுப்பூச்சி" என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள், ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். வாட்ஸாப்பில் நீங்கள் சேர்வதற்கு முன் வந்த உரையாடல் பொதுவாக உங்களுக்குத் தெரியாது. டெலிகிராமில் அட்மின் அனுமதித்திருந்தால் தெரியும். ஃபேஸ்புக் குழுவில் எல்லாமே இருக்கும், மேலே பின் செய்து வைத்த பதிவுகளையும் பார்த்துவிடுங்கள்.

அடிக்கடி வரும் சில கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பூசணி, பாகல், சுரை வகைகளில் முதலில் வருவது ஆண் பூக்கள், அவை உதிர்வது இயல்பு. பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால்தான் பெண் பூ. அந்தப் பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம், கையால் சேர்த்துவிட வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் அதைக் காலையிலேயே செய்யுங்கள். சுரையும் பீர்க்கனும் சாயங்காலம்தான் பூ விரிக்கும், அவற்றிடம் காலையில் போய் நிற்பது வீண்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவது, அதாவது நுனி அழுகல், பூச்சியால் அல்ல. தண்ணீர் ஒருநாள் நிறைய, இரண்டு நாள் இல்லை என்று போனால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. கறுத்த காய் தேறாது. தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும்.

2. செடியை ஒருமுறை சரியாகப் பாருங்கள்

போனை எடுப்பதற்கு முன் பத்து நிமிஷம் செடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை ஈ, அசுவினி, முட்டைகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்து, கொழுந்தை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல, மஞ்சளாக ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். மிளகாயைத் தாக்கும் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் பார்க்கலாம், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தாளில் ஒன்றும் விழாமல் இலை கீழ்நோக்கி மடங்கியிருந்தால் அதுவே ஒரு தகவல், அதையும் எழுதுங்கள்.

மஞ்சள் இலை என்றால் எந்த இலை என்பதுதான் முக்கியம். அடியிலிருக்கும் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். மேலே இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும். அதனால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குழுவில் யார் பதில் சொன்னாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

3. நான்கு படங்கள்

ஒன்று, தொட்டியோடு சேர்த்து முழுச்செடி. இரண்டு, பாதித்த இலையின் மேற்பக்கம். மூன்று, அதே இலையின் அடிப்பக்கம். நான்கு, கொழுந்து அல்லது பூ, எது கெட்டிருக்கிறதோ அது. சந்தேகம் மருந்தைப் பற்றியது என்றால் பாட்டிலின் லேபிளை ஐந்தாவது படமாகச் சேர்த்துவிடுங்கள்.

காலை எட்டு, ஒன்பது மணிக்குள் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் மஞ்சளும் பச்சையும் ஒரே நிறமாக வெளுத்துப் போகும். இரவில் டியூப்லைட்டில் எடுத்த படத்தில் எல்லாச் செடிக்கும் சத்துக்குறைவு இருப்பது போலத்தான் தெரியும். ஜூம் செய்யாமல் போனைக் கிட்டே கொண்டுபோங்கள். இலைக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்தால் கேமரா இலையின் மேலேயே ஃபோகஸ் ஆகும்.

வாட்ஸாப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், சின்னப் பூச்சி அதில் காணாமல் போய்விடும். அனுப்பும்போது எச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிலர் "டாக்குமெண்டா அனுப்புங்க" என்பார்கள். அதில் படம் தெளிவாகப் போகும், ஆனால் கேமராவில் இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் வீடு எங்கே என்பதும் படத்தோடு சேர்ந்து போய்விடும். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் குழு அது. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள்.

வீடியோ அனுப்பினால் இருபது வினாடி போதும். மூன்று நிமிஷம் மாடி முழுக்கச் சுற்றிக் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

4. கூடவே எழுத வேண்டிய விவரங்கள்

இதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நிரப்பலாம்:

- செடி, ரகம் (நாட்டு விதையா, ஹைபிரிடா, நர்சரி நாற்றா)
- வயது: விதைத்து அல்லது நட்டு எத்தனை நாள்
- ஊர்
- தொட்டி அல்லது பையின் அளவு, உதாரணத்துக்கு 12க்கு 12 அங்குலம்
- மண் கலவை: செம்மண், கோகோபீட், தொழு உரம், மண்புழு உரம் என்ன விகிதம்
- நேரடி வெயில் எத்தனை மணி நேரம்
- தண்ணீர்: எப்போது, எவ்வளவு, போர் தண்ணீரா, குடிநீரா
- கோளாறு எப்போது தொடங்கியது, பக்கத்துச் செடிகளுக்கும் இருக்கிறதா
- கடந்த மூன்று வாரத்தில் அடித்தது, ஊற்றியது எல்லாம், தேதியோடும் அளவோடும்

கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் ஆபத்து இருக்கிறது. சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கி அடிக்கும் கந்தகத் தூள்) நல்ல மருந்து. ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். கடும் வெயில் நாளில் அடித்தாலும் அப்படித்தான். நீங்கள் போன ஞாயிறு வேப்பெண்ணெய் அடித்ததைச் சொல்லவில்லை என்றால், பதில் சொல்பவர் நல்லெண்ணத்தோடு கந்தகம் என்பார், நீங்களும் அடிப்பீர்கள். அதே மாதிரி நோயைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஊற்றிய தொட்டியில் இரண்டு நாள் கழித்துக் காப்பர் மருந்தை ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நீங்களே கொன்ற மாதிரி ஆகிவிடும்.

அளவை "ஒரு மூடி", "கொஞ்சம்", "கைப்பிடி" என்று எழுதாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கித் தோட்டத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் கரண்டியை இதற்கு எடுக்கவே கூடாது.

5. செய்தியை எழுதுவது

ஒரு செய்தியில் ஒரு செடி, ஒரு கேள்வி. மூன்று செடிக்கு மூன்று கேள்வி கேட்டால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

"வணக்கம்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். "ஒரு சந்தேகம் கேக்கலாமா?", "யாராவது இருக்கீங்களா?" என்பதும் வேண்டாம். முந்நூறு பேர் போன் அடிக்கும், எதற்கென்று யாருக்கும் தெரியாது. வணக்கம், கேள்வி, விவரம், படம் எல்லாம் ஒரே செய்தியில் வரட்டும். படங்களைத் தனியாகவும் கேள்வியைத் தனியாகவும் அனுப்பினால் நடுவில் வேறொருவரின் ரோஜாப் படம் புகுந்துவிடும்.

குரல் பதிவு அனுப்புவது உங்களுக்குச் சுலபம். பஸ்ஸிலும் ஆபீஸிலும் இருப்பவர் கேட்க மாட்டார், பின்னால் தேடினாலும் கிடைக்காது. தட்டச்சு கஷ்டம் என்றால் போன் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள், அதுவே எழுத்தாக மாறும். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள், "அசுவினி" என்பதை அது யாரோ ஒருவர் பெயராக்கி வைத்திருக்கும்.

ஒரு மாதிரி:

"வணக்கம். மிளகாய், நாட்டு ரகம், நட்டு 50 நாள். மதுரை. 12க்கு 12 பை, செம்மண் கோகோபீட் தொழு உரம் சம பங்கு. 6 மணி நேர வெயில், தினம் காலை ஒரு லிட்டர் போர் தண்ணி. பத்து நாளா கொழுந்து இலை மேல்நோக்கி சுருளுது. வெள்ளைத் தாள்ல தட்டினா மஞ்சளா சின்னதா ஊருது. பக்கத்துல இருக்கிற கத்தரிக்கு ஒண்ணும் இல்ல. 5ஆம் தேதி வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்பு போட்டு ஒரு தடவை அடிச்சேன். இது இலைப்பேன்தானா? மறுபடி எத்தனை நாள்ல அடிக்கணும்?"

இதற்கு விவரம் தெரிந்தவர் இரண்டே வரியில் பதில் சொல்லிவிடுவார். கேள்வியின் கடைசியில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்துவது சுலபம்.

தெரிந்தவர் என்பதற்காக ஒருவரைத் தனிச்செய்தியில் பிடிக்காதீர்கள். பொதுவில் கேட்டால் அந்தப் பதில் நாலு பேருக்கு உதவும், அதில் தப்பு இருந்தால் இன்னொருவர் திருத்தவும் செய்வார். கேள்விக்கு உங்களைவிட மூத்தவர் யாராவது பதில் சொன்னால் அண்ணா, அக்கா, ஐயா என்பது அந்தக் குழுவின் வழக்கத்தைப் பொறுத்தது. தெரியாவிட்டால் "ங்க" போட்டுப் பேசினாலே போதும்.

6. எப்போது போடுவது, எவ்வளவு காத்திருப்பது

தோட்டக்காரர்கள் பெரும்பாலும் காலை தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் போனைப் பார்க்கிறார்கள். காலையில் படம் எடுத்து அப்போதே போட்டுவிடுவது நல்லது. பதில் வராவிட்டால் ஒருநாள் முழுதாகக் காத்திருங்கள். அதன் பிறகு முதல் செய்திக்கே ரிப்ளை கொடுத்து, புதுத் தகவல் ஒன்றையாவது சேர்த்துக் கேளுங்கள்: "இன்னைக்கு இரண்டாவது செடிக்கும் வந்திருக்கு." வெறும் "யாரும் பதில் சொல்லலையே" என்றால் கோபமாகத்தான் படும்.

ஐந்து குழுவில் ஒரே நேரத்தில் போடுவதைத் தவிருங்கள். பல குழுவிலும் அதே ஆட்கள்தான் இருப்பார்கள். அப்படிப் போட்டே ஆகவேண்டும் என்றால் பதில் கிடைத்ததும் மற்ற இடங்களில் "கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிடுங்கள்.

7. வந்த பதில்களில் எதைச் செய்வது

எல்லாவற்றையும் செய்யாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேரம் கொடுங்கள். உங்கள் விவரத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்டவரின் பதிலுக்கு முதலிடம். காரணம், அளவு, இடைவெளி மூன்றையும் சொன்னவருக்கு அடுத்த இடம். ஒற்றைச் சொல்லில் "பஞ்சகவ்யம்" என்றவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். பஞ்சகவ்யம் நல்லதுதான், 3 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. ஆனால் அது வளர்ச்சிக்குக் கொடுப்பது, மாவுப்பூச்சியைப் போக்க அல்ல.

எதை அடித்தாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். சாயங்காலம் அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனையட்டும். வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்காது, சோப்புக் கரைசலில் எண்ணெயை முதலில் கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் அசாடிராக்டின் (வேம்பிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்து) பாட்டில் வேறு சமாச்சாரம். அதில் 1500, 10000 என்று பிபிஎம் அளவு (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு மருந்து என்பது) போட்டிருக்கும், கலக்கும் அளவும் அதற்கேற்ப மாறும். வேப்பெண்ணெய்க்குக் குழுவில் சொல்லும் 5 மில்லி இதற்குப் பொருந்தாது, லேபிளில் உள்ள அளவுதான் சரி.

சுருண்ட இலை நிமிராது, மஞ்சளான இலை பெரும்பாலும் பச்சையாகாது. புதிதாக வரும் கொழுந்து நன்றாக இருக்கிறதா என்பதுதான் அடையாளம், அதற்கு பத்துப் பதினைந்து நாள் ஆகும். மாவுப்பூச்சிக்கு ஒரு தடவை அடித்து விட்டுவிட்டால் முட்டையிலிருந்து வந்தவை திரும்பப் பிடிக்கும், வாரம் ஒன்றாக மூன்று தடவை அடிக்க வேண்டும். மூன்றாம் நாளே "சரியாகல, வேற சொல்லுங்க" என்று வந்து நிற்காதீர்கள்.

8. முடிவைத் திரும்ப வந்து சொல்லுங்கள்

பத்தில் ஒன்பது பேர் செய்யாத வேலை இது. உங்கள் பழைய செய்திக்கே ரிப்ளை கொடுத்து, செய்தது என்ன, எத்தனை தடவை, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு படத்தோடு போடுங்கள். செடி செத்துப்போனாலும் போடுங்கள். அடுத்து தேடுபவருக்கு அதுதான் உதவும், உங்கள் அடுத்த கேள்விக்கும் ஆட்கள் வருவார்கள்.

9. நீங்கள் பதில் சொல்லும்போது

சேர்ந்து ஆறு மாதத்தில் உங்களுக்கும் ஓரளவு தெரிந்துவிடும். அப்போது கவனிக்க வேண்டியவை.

மருந்து சொல்வதற்கு முன் கேளுங்கள். விவரம் குறைவாக இருந்தால் "அடிப்பக்கப் படம் ஒண்ணு போடுங்க, கடைசியா என்ன அடிச்சீங்க?" என்பதே நல்ல பதில். "கூகுள்ல தேடுங்க", "நூறு தடவை சொல்லியாச்சு" என்பதெல்லாம் புதிதாக வந்தவரை விரட்டும் வேலை. பழைய பதிலின் இணைப்பைக் கொடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் தேட வேண்டிய சொல்லைக் கொடுங்கள், "நுனி அழுகல்னு தேடுங்க" என்றால் போதும்.

உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் ஊரையும் சொல்லுங்கள், ஊட்டியில் வேலை செய்தது சென்னை மொட்டைமாடியில் செய்யாது. மருந்து சொன்னால் லிட்டருக்கு எவ்வளவு, எந்த நேரம், எத்தனை நாள் இடைவெளி, எதோடு சேர்க்கக் கூடாது என்பதும் கூடவே வரவேண்டும். வயலுக்குச் சொல்லும் கணக்கை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். "ஏக்கருக்கு ஒரு லிட்டர்" என்பதை 200 லிட்டர் தண்ணீருக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு 5 மில்லி. பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு போடத் தெரியாது, பாட்டிலைக் கவிழ்த்துவிடுவார்.

ரசாயன மருந்து சொல்வதாக இருந்தால் இன்னும் கவனம். அடித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வது சரியில்லை. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிகளில் அடிக்கத் தடை இருக்கிறது, இன்னும் சிலர் குழுவில் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்த்தால் உடனே மறுத்து எழுதுங்கள்.

அடுத்தவர் தப்பாகச் சொன்னால் ஆளை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் எழுதுங்கள்: "இலை கீழ மடங்கியிருக்கு, அதனால சிலந்தியா இருக்கலாம்னு நினைக்கிறேன்." ஏற்கெனவே சரியான பதில் வந்திருந்தால் அதையே திருப்பி எழுதாமல் ஒரு லைக் போடுங்கள். நாற்பது நிமிஷ வீடியோவின் இணைப்பைக் கொடுத்தால் எந்த நிமிஷத்தில் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். கேள்வி கேட்டவரின் தனிச்செய்தியில் போய் உங்கள் உரத்தை விற்காதீர்கள், பெரும்பாலான அட்மின்கள் அதற்கு நேரடியாக வெளியேற்றிவிடுவார்கள்.

10. குழுவில் கேட்கவே கூடாதவை

குழந்தையோ பெரியவரோ பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால், கண்ணில் பட்டுவிட்டால், குழுவில் போட்டுக் காத்திருக்காதீர்கள். 108 கூப்பிடுங்கள், மருந்துப் பாட்டிலைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். லேபிளைப் பார்த்துத்தான் டாக்டர் சிகிச்சையை முடிவு செய்வார்.

தொட்டியில் தானாக முளைத்ததைப் படம் போட்டு "இது என்ன செடி?" என்று கேட்கலாம். "இதைச் சமைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வந்த பதிலை நம்பி அடுப்பில் வைக்கக் கூடாது. ஊமத்தையின் இளஞ்செடியைக் கீரை என்று நினைப்பவர்கள் உண்டு. செங்காந்தள் கிழங்கைப் பார்த்தால் சாப்பிடும் கிழங்கு போலத்தான் இருக்கும், சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. பதில் சொல்பவரும் இதில் "இருக்கலாம்" என்ற சொல்லுக்கே இடம் கொடுக்கக் கூடாது. நேரில் பார்த்துத் தெரிந்தவர் சொல்லாதவரை "சாப்பிடாதீங்க" ஒன்றுதான் பதில்.

பதிலே கிடைக்காத, அல்லது பெரிய அளவில் பரவும் நோய்க்கு கிசான் கால் சென்டர் இருக்கிறது: 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பாதித்த கிளையை எடுத்துக்கொண்டு நேரில் போவதும் நல்லது. பாலித்தீன் பையில் போட்டு மூடினால் வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றி, பறித்த அன்றே கொண்டுபோங்கள். நான்காவது பகுதியில் நிரப்பிய விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள், அங்கேயும் அதையேதான் கேட்பார்கள்.